அவுட்சோர்சிங், எச்-1பி, கம்பெனிகளுக்கு வரிச்சலுகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தேர்தல் வந்தாலும் வராவிட்டாலும் இந்தச் சண்டை ஓய்வதில்லை. வேலையை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள், எச்-1பி (படித்த வெளிநாட்டவரைக் கம்பெனி எடுக்கும் தற்காலிக வேலை விசா) ஆட்கள் சம்பளத்தைக் கெடுக்கிறார்கள், வேலையை வெளியே அனுப்புகிற கம்பெனிக்கே வரிச்சலுகை வேறு கொடுக்கிறார்கள் என்று ஒரு பக்கம். இந்தியர் இல்லாவிட்டால் சிலிக்கான் வேலியே இல்லை என்று இன்னொரு பக்கம். நம் குடும்பங்களில் ஆன்சைட்டில் (கம்பெனி அனுப்பி அமெரிக்காவில்) ஒருவர், சென்னை சோழிங்கநல்லூர் ஐ.டி. ஆபீசில் ஒருவர், டெக்சாஸில் எம்.எஸ். முடித்துவிட்டு ஓ.பி.டி.யில் (படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி) ஒருவர் என்று ஆள் இருப்பதால், நமக்கும் இது வெறும் வெளிநாட்டுச் செய்தி இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் அரைகுறைத் தகவலை வைத்துச் சண்டை போடுவதற்குப் பதில் கொஞ்சம் விவரத்தோடு போடலாம் என்றுதான் இது.

விசா வேறு, அவுட்சோர்சிங் வேறு, வரி வேறு. மூன்றையும் ஏன் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்?

குழப்பவில்லை. கம்பெனியின் நிதி அதிகாரி உட்கார்ந்து போடும் கணக்கில் இவை ஏற்கனவே ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஒரு வேலை நடக்க வேண்டும். உள்ளூர் ஆளை எடுப்பதா, வெளியூர் ஆளை இங்கே கொண்டுவருவதா, வேலையையே அங்கே அனுப்பிவிடுவதா, அதில் வரும் லாபத்தை எந்த நாட்டில் காட்டுவது? ஒன்றின் விலை ஏறினால் அடுத்ததற்கு நகர்வார்கள். அரசியல்வாதிகள் மட்டும் ஒரு தேர்தலில் விசாவைப் பிடித்துக்கொள்வார்கள், அடுத்த தேர்தலில் வரியைப் பிடித்துக்கொள்வார்கள். இதனால்தான் முப்பது வருடமாகச் சட்டம் மேல் சட்டம் போட்டும் இரண்டு பக்கமும் ஏமாந்த மாதிரியே உணர்கிறது என்பது என் கருத்து.

எச்-1பி ஆட்கள் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்கிறார்களா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

சிலர் ஆமாம், சிலர் இல்லை. மழுப்பலாகத் தெரியும், ஆனால் அந்த ஒரே விசாவுக்குள் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன.

சட்டப்படி, அந்த ஊரில் அந்த வேலைக்கு நிலவும் சம்பளத்தையாவது கொடுக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த "நிலவும் சம்பளம்" நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் நிலை என்பது 17-வது சதமானம், அதாவது அந்த ஊரில் அதே தொழிலில் இருக்கும் நூறு பேரை வரிசையாக நிற்க வைத்தால் எண்பத்து மூன்று பேர் அதைவிடக் கூடுதலாக வாங்குகிறார்கள். இரண்டாம் நிலை 34. மூன்றாம் நிலைக்கு வந்தால்தான் சரிபாதி, அதாவது 50. பொருளாதாரக் கொள்கை ஆய்வகம் என்ற அமெரிக்க அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வு, சான்று பெற்ற எச்-1பி வேலைகளில் 60% முதல் இரண்டு நிலைகளில்தான் இருந்தன என்று காட்டியது. தொழிற்சங்கச் சார்புள்ள அமைப்பு என்று அதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு, ஆனால் எண்கள் அரசுத் தரவிலிருந்து எடுத்தவை.

அதே நேரம், கூகுளிலோ மைக்ரோசாஃப்டிலோ எச்-1பி-யில் இருப்பவர் பக்கத்து மேஜைக்காரரைவிடக் குறைவாக வாங்குகிறார் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பலர் அமெரிக்கச் சராசரியைப் போல இரண்டு மடங்கு வாங்குகிறார்கள். பிரச்சினை அதிகமாக இருப்பது, ஆளை எடுத்துக் கிளையன்ட் இடத்தில் உட்கார வைத்து மணிக்கணக்கில் பில் போடும் நிறுவனங்களிலும், எல்லோருக்கும் தெரிந்த அந்த தேசி கன்சல்டன்சிகளிலும் (இந்தியர் நடத்தும் சிறு ஆள் சப்ளை நிறுவனங்கள்). பெஞ்சில், அதாவது அடுத்த ப்ராஜெக்ட்டுக்குக் காத்து இருக்கும்போது, சம்பளம் தராமல் இழுத்தடிப்பது சட்டவிரோதம் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்களின் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள் என்பதுதான் சம்பளத்தைவிட முக்கியமான கேள்வி. வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் இன்னொரு கம்பெனி மனு போட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். வேலை மாறுவதைச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் கிரீன் கார்டுக்கு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) முதல் படியான பெர்ம் என்ற தொழிலாளர் சான்று வேலையைப் புதுக் கம்பெனி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேலைவாய்ப்பு வழியாகத் தரப்படும் கிரீன் கார்டில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7%-க்கு மேல் தரக்கூடாது என்று வரம்பு இருப்பதால் இந்தியர்களுக்கு வரிசை பத்து வருடத்தைத் தாண்டிப் போய்விட்டது. வீட்டுக் கடன், அங்கேயே பிறந்த பிள்ளை, அம்மாவின் மருத்துவச் செலவு எல்லாம் இருக்கும்போது யார் மேனேஜரிடம் சம்பள உயர்வு கேட்டு மேஜையைத் தட்டுவார்? இவர் தட்டாததால் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கருக்கும் தட்டுகிற பலம் குறைகிறது. உள்ளூர்த் தொழிலாளியின் கோபத்தில் நியாயம் இருக்கிற இடம் இது. ஆனால் அந்தக் கோபம் பெரும்பாலும் இந்த விதியின் மேல் திரும்பாமல் அந்த ஆளின் மேல் திரும்புகிறது.

அமெரிக்கரையே கே.டி. கொடுக்கச் சொல்லிவிட்டு, அதாவது தன் வேலையைப் புதிதாக வருபவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லிவிட்டு, வெளியே அனுப்பினார்கள் என்பது உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. ஃபுளோரிடாவில் டிஸ்னி 2014 கடைசியில் சுமார் 250 ஐ.டி. ஊழியர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தது. அவர்களில் பலர், தங்கள் இடத்துக்கு வந்த ஒப்பந்த நிறுவன ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனார்கள். அதே காலத்தில் சதர்ன் கலிஃபோர்னியா எடிசன் என்ற மின்சார நிறுவனத்திலும் சுமார் 500 பேர் விஷயத்தில் இதேதான் நடந்தது, வந்தவை இந்தியாவின் பெரிய ஐ.டி. நிறுவனங்கள். டிஸ்னி ஊழியர்கள் போட்ட வழக்கு 2016-ல் தள்ளுபடியானது.

தள்ளுபடியானதுதான் இதில் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் சட்டம் அப்படி. எச்-1பி ஆட்களைப் பெருமளவு வைத்திருக்கும் நிறுவனம், "அமெரிக்கரை அகற்றமாட்டேன்" என்று உறுதி தர வேண்டும். ஆனால் அந்த எச்-1பி ஆளுக்கு வருடம் 60,000 டாலர் கொடுத்தாலோ, அவரிடம் முதுகலைப் பட்டம் இருந்தாலோ அந்த உறுதி தேவையில்லை. இந்த 60,000 என்பது 1998-ல் எழுதிய எண், அதன் பிறகு யாரும் தொடவில்லை. விலைவாசி கணக்குப் பார்த்தால் அன்றைய 60,000 இன்று ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்க வேண்டும். ஒரு எண்ணைத் திருத்த இரண்டு கட்சிக்கும் முப்பது வருடம் நேரமில்லை!

அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்று நிரூபித்த பிறகுதானே எச்-1பி தருகிறார்கள்?

இல்லை. இது மிகப் பரவலான தவறான நம்பிக்கை. எச்-1பி-க்குப் பொதுவாக அப்படி ஒரு தேடல் தேவையில்லை. கிரீன் கார்டுக்கான பெர்ம் கட்டத்தில்தான் விளம்பரம் கொடுத்து ஆள் தேட வேண்டும். அந்தத் தேடலும் எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பதற்கு இரண்டு வழக்குகள் போதும்: ஃபேஸ்புக் 2021-ல் 1.4 கோடி டாலருக்கு மேல், ஆப்பிள் 2023-ல் 2.5 கோடி டாலர் என்று அமெரிக்க அரசின் நீதித் துறையுடன் சமரசம் செய்துகொண்டன. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? வழக்கமாக இணையதளத்தில் வேலை விளம்பரம் போடும் கம்பெனிகள், பெர்ம் வேலைகளுக்கு மட்டும் அங்கே போடாமல், தபாலில் விண்ணப்பம் அனுப்பச் சொன்னார்கள் என்பது.

வெளிநாட்டு ஆளை எடுத்தால் கம்பெனிக்கு வரி மிச்சமாமே?

எச்-1பி-யில் கிடையாது. அவரும் கட்டுகிறார், கம்பெனியும் கட்டுகிறது: சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியத்துக்கான வரி), மெடிகேர் (முதியோர் மருத்துவத்துக்கான வரி) இரண்டும் சேர்த்து ஆளுக்கு 7.65%.

ஆனால் ஓ.பி.டி.யில் உண்டு. மாணவர் விசாவில் இருப்பவர் முதல் ஐந்து காலண்டர் வருடம் வரிக்கணக்கில் வெளிநாட்டவராகவே கருதப்படுவதால் அந்த 7.65% இரண்டு பக்கமும் இல்லை. 80,000 டாலர் சம்பளம் என்றால் கம்பெனிக்கு வருடத்துக்கு 6,120 டாலர் மிச்சம். இரண்டு வருட எம்.எஸ்., அதன்பின் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்குக் கிடைக்கும் 36 மாத ஓ.பி.டி., கூட்டினால் கிட்டத்தட்ட அந்த ஐந்து வருடம். அதே வகுப்பில் படித்த அமெரிக்கப் பையன் இதைக் கேட்டுக் கடுப்பானால் அவனைக் குறை சொல்ல முடியாது. பண்ணை வேலைக்கு வரும் எச்-2ஏ தொழிலாளர்களுக்கும் இந்த வரி இல்லை, அதற்கு ஆண்டு வரம்பும் இல்லை, வருடத்துக்கு 3.5 லட்சத்துக்கும் மேல் வேலைகளுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளி என்றதும் நமக்கு லேப்டாப்தான் கண்ணில் தெரிகிறது. அங்கே தக்காளி பறிப்பவர் பெரும்பாலும் மெக்சிகோக்காரர், அவரைப் பற்றி டிவியில் இவ்வளவு சத்தம் கிடையாது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்கா 30 நாடுகளுடன் சமூகப் பாதுகாப்பு வரி ஒப்பந்தம் வைத்திருக்கிறது, இந்தியாவுடன் இல்லை. ஓய்வூதியம் வாங்க ஏறக்குறைய பத்து வருடம் கட்டியிருக்க வேண்டும், எச்-1பி-யின் சாதாரண ஆயுள் ஆறு வருடம். ஆறு வருடம் கட்டிவிட்டு ஊர் திரும்பியவரின் பணம் அங்கேயே கிடக்கிறது. "எங்கள் வரிப்பணத்தில் வாழ்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பினால் அரசே வரிச்சலுகை கொடுக்கிறது என்கிறார்களே, அப்படி ஒரு சலுகை நிஜமாகவே இருக்கிறதா?

அந்தப் பெயரில் ஒரு சலுகையும் இல்லை. ஆனால் அதே பலனைத் தரும் விதிகள் இருந்தன, ஒரு பகுதி இன்னும் இருக்கிறது.

மேடைகளில் அதிகம் பேசப்பட்டது இடமாற்றச் செலவு. ஆலையைப் பெயர்த்துக்கொண்டு போகும் செலவையும் மற்றச் செலவு மாதிரியே வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். இதை நிறுத்த 2012-லும் 2014-லும் செனட்டில் மசோதா வந்து தோற்றது. நிறுத்தியிருந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது, ஏனென்றால் பணம் அங்கே இல்லை.

பணம் இருந்தது லாபத்தில். 2017 வரை அமெரிக்காவின் கம்பெனி வரி 35%. வெளிநாட்டுக் கிளை சம்பாதித்த லாபத்தை ஊருக்குக் கொண்டுவரும்வரை பொதுவாக அந்த வரியைத் தள்ளிப்போடலாம். எனவே கொண்டுவராமலே வைத்தார்கள். பேடன்ட்டையும் மென்பொருள் உரிமத்தையும் அயர்லாந்துக் கிளையின் பேரில் எழுதிவிட்டால், அமெரிக்கர் வாங்கும் பொருளின் லாபம்கூட அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அயர்லாந்தில் ஆப்பிள் கட்டாமல் விட்ட 1,300 கோடி யூரோவைக் கட்டியாக வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் உறுதி செய்தது, அயர்லாந்து அரசே "எங்களுக்கு வேண்டாம்" என்று எதிர்த்து வழக்காடிய விசித்திரம் அது.

2017 சட்டம் வரியை 21% ஆக்கியது, தள்ளிப்போடும் வசதியை எடுத்தது, வெளிநாட்டு லாபத்துக்குக் குறைந்தபட்ச வரி ஒன்றைப் போட்டது. அந்தக் குறைந்தபட்சம் 10.5%, உள்ளூரின் பாதி. அதற்கும் மேலே ஒரு விலக்கு வைத்தார்கள்: வெளிநாட்டில் இருக்கும் கட்டடம், இயந்திரம் ஆகியவற்றின் மதிப்பில் 10% அளவு லாபத்துக்கு அந்த வரியும் இல்லை. வெளிநாட்டில் 10 கோடி டாலருக்கு ஆலை கட்டினால் வருடம் 1 கோடி டாலர் லாபத்துக்கு இந்த அமெரிக்க வரி கிடையாது. "அமெரிக்காவுக்கு முன்னுரிமை" என்று முழங்கிய ஆட்சி எழுதிய சட்டத்தில் வெளிநாட்டில் ஆலை கட்டினால் பரிசு! 2025 ஜூலையில் வந்த சட்டம் இந்த விலக்கை எடுத்துவிட்டு விகிதத்தை 12.6% ஆக்கியது, 2026 முதல் அமல். இடைவெளி குறைந்திருக்கிறது, மறையவில்லை.

செக்சன் 174 என்ற வரி விதியைப் பற்றி ஐ.டி.க்காரர்கள் புலம்பியது?

அமெரிக்க ஸ்டார்ட்-அப்களில் லே ஆஃப் நடந்தபோது எல்லோரும் ஏ.ஐ.யைத் திட்டினார்கள், பின்னால் இதுவும் இருந்தது. 2022 முதல் ஆராய்ச்சிச் செலவை, அதில் மென்பொருள் எழுதுபவரின் சம்பளமும் சேரும், அந்த வருடமே கழிக்க முடியாமல் போனது. உள்நாட்டில் என்றால் ஐந்து வருடம், வெளிநாட்டில் என்றால் பதினைந்து வருடம் பிரித்துத்தான் கழிக்கலாம் என்றாகிவிட்டது. சம்பளத்துக்குக் கொடுத்த பணம் கையில் இல்லை, ஆனால் புத்தகத்தில் லாபம் நிற்கிறது, அதற்கு வரி. சின்னக் கம்பெனிகள் திணறிப்போயின. 2025 சட்டம் உள்நாட்டுச் செலவுக்கு மட்டும் பழைய வசதியைத் திருப்பிக் கொடுத்தது, வெளிநாட்டுக்கு அதே பதினைந்து வருடம். ஆக, சத்தமில்லாமல் அவுட்சோர்சிங்குக்கு எதிரான வரி விதி ஒன்று ஏற்கனவே நடைமுறையில் இருக்கிறது. விவாதங்களில் இதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்க முடியாத விஷயம்.

வரியைக் குறைத்தால் வெளியே இருக்கும் பணமும் வேலையும் திரும்பி வராதா?

2004-ல் சோதித்துப் பார்த்தார்கள். வெளிநாட்டில் குவிந்த லாபத்தை ஒரு முறை மட்டும் 5.25% வரியில் கொண்டுவரலாம் என்று சட்டம். அதன் பெயரிலேயே "வேலை உருவாக்கம்" இருந்தது. 843 கம்பெனிகள், சுமார் 31,200 கோடி டாலர். பணம் வந்தது. அதில் பெரும்பகுதி சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கப் போனது என்று ஆய்வுகள் காட்டின. அதிகம் கொண்டுவந்த 15 கம்பெனிகள் அடுத்த சில வருடங்களில் மொத்தமாக 20,000-க்கும் மேல் வேலைகளைக் குறைத்திருந்தன என்று செனட் துணைக்குழுவே 2011-ல் அறிக்கை கொடுத்தது.

சரி, விசாவை இறுக்கினால் வேலை அமெரிக்கருக்குப் போகும்தானே?

கொஞ்சம் போகலாம். ஆனால் நிறைய சென்னைக்கும் பெங்களூருக்கும் கனடாவின் வான்கூவருக்கும் போகும். எச்-1பி ஆண்டு வரம்பு 2003 வரை 1,95,000 ஆக இருந்து அடுத்த வருடமே 65,000-க்கு விழுந்தது (பிறகு அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கு 20,000 சேர்த்தார்கள்). அந்த வீழ்ச்சியை வைத்து வார்ட்டன் பள்ளியின் பிரிட்டா கிளென்னன் செய்த ஆய்வு, விசா கிடைக்காத பன்னாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டுக் கிளைகளில் ஆள் எடுப்பதைக் கூட்டின, முக்கியமாக இந்தியா, சீனா, கனடாவில், என்று காட்டுகிறது.

இப்போது நடப்பதும் அதன் தொடர்ச்சி. முன்பு அவுட்சோர்சிங் என்றால் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் மாதிரி மூன்றாவது ஆளிடம் வேலையைக் கொடுப்பது. இப்போது கம்பெனியே இங்கே சொந்த மையம் போடுகிறது, ஜி.சி.சி. என்று சொல்கிறார்களே அது. ஐ.டி. தொழில் கூட்டமைப்பான நாஸ்காம், ஆலோசனை நிறுவனமான ஜின்னோவ் ஆகியவற்றின் கணக்குப்படி 2024 நிதியாண்டில் இந்தியாவில் 1,700-க்கு மேல் மையங்கள், 19 லட்சம் பேர் வேலையில். 2025 செப்டம்பரில் டிரம்ப் புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தபோது சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆரில் வாடகை ஏறும் என்று ஒரு நண்பர் சிரித்தார். சிரிப்புதான், ஆனால் அந்தக் கணக்கு தவறில்லை: ஒரு ஆளை அங்கே கொண்டுபோகும் கட்டணத்தில் இங்கே நல்ல அனுபவசாலி இரண்டு பேருக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுக்கலாம்.

வேலை இப்படி வெளியே போவதைத் தடுக்கத்தானே ஹயர் மசோதா? அது வந்தால் சென்னை காலியா?

ஒஹையோ செனட்டர் பெர்னி மொரேனோ 2025 செப்டம்பரில் கொண்டுவந்தது. அமெரிக்க வாடிக்கையாளருக்காக வெளிநாட்டில் செய்யும் வேலைக்குக் கொடுக்கும் பணத்தில் 25% வரி, அதோடு அந்தப் பணத்தைச் செலவாகவும் கழிக்கக் கூடாது. 100 டாலர் கொடுத்தால் 25 வரி, கழிவு போனதால் இன்னும் 21, ஆக 46 டாலர் கூடுதல். இந்திய ஐ.டி.யின் விலை வித்தியாசத்தில் பெரும்பங்கை இது தின்றுவிடும். சட்டமானால் பலமான அடிதான். ஆனால் அமெரிக்க வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், மருத்துவமனைகள் எல்லாமே இந்தச் செலவைச் சுமக்க வேண்டியிருக்கும் என்பதால் எதிர்ப்பு உள்ளேயிருந்தே வரும். இந்த வடிவில் நிறைவேறும் என்று நான் நினைக்கவில்லை. மெலிந்த வடிவில் ஏதாவது வரலாம்.

அமெரிக்காவில் நிஜமாகவே அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் யார்?

ஐ.டி.க்காரர்கள் இல்லை. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு நாற்காலி, சட்டை, பொம்மை செய்த ஊர்கள்தான். பொருளாதார நிபுணர் டேவிட் ஆட்டரும் சகாக்களும் போட்ட கணக்கில் 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியால் போனவை 20 முதல் 24 லட்சம் வேலைகள். வட கரோலினாவின் மரச்சாமான் ஊர்களில் வேலை போனவர் வேறு ஊருக்கும் நகரவில்லை, வேறு தொழிலும் கற்கவில்லை என்பதுதான் பொருளாதாரப் பாடப்புத்தகத்துக்கு அதிர்ச்சி. இறக்குமதியால் வேலை இழந்தவருக்கு மறுபயிற்சி கொடுக்க 1962 முதல் ஒரு திட்டம் இருந்தது. அதைப் புதுப்பிக்காமல் விட்டதில் 2022 ஜூலையிலிருந்து புதியவர்களைச் சேர்ப்பது நின்றுவிட்டது. கம்பெனிகளுக்கான சலுகையில் ஒன்றுகூட இப்படி யாரும் கவனிக்காமல் காலாவதி ஆனதாக எனக்கு நினைவில்லை.

மாநில அரசு சலுகை கொடுத்து ஆலையைக் கொண்டுவருவது நல்லதுதானே?

விஸ்கான்சின் மாநிலத்தைப் பாருங்கள். 2017-ல் ஃபாக்ஸ்கான் (ஐஃபோன் செய்து தரும் தைவான் நிறுவனம்) அங்கே 1,000 கோடி டாலர் போட்டு 13,000 வேலை தரும் என்று வெள்ளை மாளிகையில் அறிவித்தார்கள். மாநிலம் ஏறக்குறைய 300 கோடி டாலர் சலுகை தருவதாக ஒப்புக்கொண்டது. மவுண்ட் பிளசன்ட் என்ற சிற்றூரில் வீடுகளை எடுத்தார்கள், சாலை போட்டார்கள், குழாய் பதித்தார்கள். அடுத்த வருடம் ஜனாதிபதியே வந்து மண்வெட்டி பிடித்தார். 2021-ல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது: முதலீடு 67.2 கோடி, வேலை 1,454, சலுகை 8 கோடி. நல்லவேளை, வேலை தந்தால்தான் சலுகை என்று மாநில ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததால் பெரும்பணம் தப்பியது. ஊராட்சி சாலைக்கும் தண்ணீருக்கும் கொட்டிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பிறகு அந்த நிலத்தில் பெரும்பகுதியை மைக்ரோசாஃப்ட் டேட்டா சென்டருக்கு வாங்கியது, டேட்டா சென்டர் எத்தனை பேருக்கு வேலை தரும் என்று உங்களுக்கே தெரியும்.

சலுகை இல்லாவிட்டால் வரவே மாட்டார்கள் என்ற வாதத்தைத் திமோத்தி பார்ட்டிக் என்ற பொருளாதார நிபுணர் வருடக்கணக்காக ஆராய்ந்தவர். சலுகை வாங்கிய கம்பெனிகளில் 2 முதல் 25% வரைதான் சலுகையால் முடிவை மாற்றியிருக்கும் என்பது அவர் கணிப்பு. மற்றவர்கள் எப்படியும் வந்திருப்பார்கள்.

நாம் ஏன் அமெரிக்காவைப் பற்றி இவ்வளவு பேச வேண்டும்? நமக்கு லாபம்தானே?

லாபம்தான், ஆனால் இலவசமாக வந்த லாபம் இல்லை. மத்திய அரசின் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா (எஸ்.டி.பி.ஐ.) திட்டத்தில் மென்பொருள் ஏற்றுமதிக்கு 2011 மார்ச் வரை வருமான வரி விடுமுறை, அதன்பின் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று நம் அரசுகளும் கொடுத்துத்தான் இந்த வேலைகளைக் கொண்டுவந்தன. 2000-ல் திறந்த சென்னை டைடல் பார்க் ஐ.டி. வளாகமே அரசு நிறுவனங்கள் சேர்ந்து கட்டியது. இப்போது தமிழ்நாடு புதிய ஜி.சி.சி.களுக்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளமுள்ள வேலைகளில் முதல் வருடம் 30%, அடுத்து 20%, அடுத்து 10% சம்பள மானியம் அறிவித்திருக்கிறது. விஸ்கான்சின்காரர் கேட்க வேண்டிய கேள்வியை நாமும் கேட்கலாம்: நான்காவது வருடம் என்ன ஆகும்? மானியம் இல்லாவிட்டால் இவர்கள் ஹைதராபாத் போயிருப்பார்களா, இல்லை எப்படியும் இங்கேதான் வந்திருப்பார்களா?

இது கற்பனைப் பயம் இல்லை, ஸ்ரீபெரும்புதூர் பார்த்த விஷயம். 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலைக்கு நிலம், வாட் வரியைத் திருப்பித் தருவது என்று எவ்வளவோ கொடுத்தோம். உச்சத்தில் நேரடி ஊழியர்களே ஏறத்தாழ 8,000 பேர். வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டதால் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய நோக்கியாவின் ஃபோன் வியாபாரத்தில் இந்த ஆலை சேரவில்லை, ஆர்டர் நின்றது, 2014 நவம்பரில் பூட்டினார்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள், இருபத்தைந்து வயதில் என்ன விருப்பம், என்ன ஓய்வு! விஸ்கான்சினில் வராத ஃபாக்ஸ்கான் இப்போது அதே வட்டாரத்தில் ஐஃபோன் செய்கிறது. 2021 டிசம்பரில் அதன் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்ட உணவு சாப்பிட்டு நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான், சாலை மறியலுக்குப் பிறகுதான், அந்த விடுதிகள் எப்படி இருக்கின்றன என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

கடைசியில் நீங்கள் எந்தப் பக்கம்?

ஆளைக் கம்பெனியிடமிருந்து அவிழ்த்துவிடு என்ற பக்கம். விசாவை ஆளின் கையில் கொடுத்தால், கிரீன் கார்டு வரிசையைக் கூடவே எடுத்துக்கொண்டு நாளைக்கே வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால், அவரை மலிவாக வைத்திருக்க முடியாது. மலிவாக வைத்திருக்க முடியாவிட்டால் அமெரிக்கரை அகற்ற அவரைக் கொண்டுவரும் காரணமே போய்விடும். முதல் நிலைச் சம்பளம் என்ற வேடிக்கையையும் எடுக்க வேண்டும், அதனால் நம் ஆட்களில் சிலருக்கு வாய்ப்பு குறையும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இந்தியர்களுக்கு எதிராகப் பேசுகிறீர்கள் என்று சிலர் சொல்வார்கள். ஒரு லட்சம் டாலர் கட்டணத்தை நான் ஆதரிக்கவில்லை, அது பெரிய கம்பெனியைத் தொடாது, ஆசிரியர் கிடைக்காத கிராமத்துப் பள்ளியையும் மருத்துவர் கிடைக்காத ஊரையும்தான் தொடும்.

அந்த ஒரு லட்சம் டாலரை ரினியூவலுக்கும் கட்ட வேண்டுமா? தம்பி ஓ.பி.டி.யில் இருக்கிறான்.

ரினியூவலுக்கு இல்லை. அமெரிக்காவுக்குள்ளேயே இருந்து மாணவர் விசாவிலிருந்து எச்-1பி-க்கு மாறுபவருக்கும் இல்லை என்று குடியேற்றத் துறை 2025 அக்டோபரில் விளக்கம் கொடுத்தது. வெளியே இருந்துகொண்டு புதிதாக மனு போடுபவருக்குத்தான். இதை எதிர்த்து வழக்குகளும் போடப்பட்டன, விதி எந்த நேரமும் மாறலாம். மனு நிலுவையில் இருக்கும்போது தம்பி கல்யாணம் கச்சேரி என்று ஊருக்குக் கிளம்பினால் அந்த மனு வேறு கணக்கில் போய்விடக்கூடும், எனவே டிக்கெட் போடும் முன் கம்பெனி வக்கீலிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.